பதிவு போட்டார், செய்தி ஆயிற்று

2021 செப்டம்பர் 18, சனிக்கிழமை. திருமலையில் தரிசனம் முடித்து வெளியே வந்த நடிகை சமந்தாவிடம் ஒரு நிருபர், அவருடைய மணவாழ்க்கை பற்றி உலவிய வதந்தியைக் கேள்வியாகப் போட்டார். "கோயிலுக்கு வந்திருக்கிறேன். புத்தி இருக்கிறதா?" என்று தெலுங்கில் பொரிந்துவிட்டுச் சமந்தா நடையைக் கட்டினார். அந்தக் கேள்வியின் பூர்வீகம் ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு. ஜூலைக் கடைசியில் அவர் தம் கணக்கிலிருந்து கணவர் வீட்டின் 'அக்கினேனி' என்ற குடும்பப் பெயரை எடுத்துவிட்டு 'எஸ்' என்ற ஓர் எழுத்தை மட்டும் வைத்திருந்தார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் செய்தி ஓட்டினார்கள். அக்டோபர் 2 அன்று பிரிவதாகத் தம்பதியே அறிவித்தார்கள், அதுவும் சமூக வலைத்தளத்தில்.

ஊகம் பலித்தது உண்மைதான். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டும் சில நேரம் பலிக்கும். அதற்காகக் கிளியை யாரும் நிருபர் என்று சொல்வதில்லை. பிரபலங்களின் பதிவுகளைச் செய்தியாக்கும் பழக்கத்தை எடைபோட இந்த நிகழ்ச்சி வசதியானது. கடைசியில் தகவல் சரியாக இருந்ததா என்பதோடு, அது எந்த வழியில் கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் செய்தியை மதிப்பிட வேண்டும்.

திருமலையைச் சுற்றியுள்ள திருப்பதி, சந்திரகிரி வட்டாரத்தில் இந்தப் பழக்கத்துக்குத் தீனி குறைவதே இல்லை. விஐபி பிரேக் தரிசனத்தில் அடிக்கடி யாராவது ஒரு நட்சத்திரம் வருகிறார். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை என்பதால் வெளியே வந்ததும் படம், அடுத்து பதிவு, அதற்கடுத்து செய்தி. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊரான நாராவாரிபல்லி சந்திரகிரி மண்டலத்தில்தான் இருக்கிறது. சங்கராந்திக்குக் குடும்பம் கூடினால் அந்தப் படங்களும் செய்தி. நடிகர் மோகன் பாபுவின் பல்கலைக்கழகமும் இந்த மண்டலத்தில்தான். 2025 ஜனவரியில், குடும்பச் சண்டைக்கு நடுவே சங்கராந்தியை ஒட்டி அங்கே வந்த மகன் மனோஜைப் போலீஸ் வாசலிலேயே நிறுத்தியது. அடுத்த சில நாளில் அண்ணன் விஷ்ணுவும் தம்பி மனோஜும் எக்ஸ் தளத்தில் பெயர் சொல்லாமல் சினிமா பாணியில் மோதிக்கொண்டார்கள். அந்த வசனங்களுக்குப் பொழிப்புரை எழுத நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. அந்த வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையால் என்ன பாடு என்று தெரிய, பஸ் ஏறிப் போகவேண்டும்.

இதனால் பதிவை நம்பிச் செய்தி போடுவதே தவறு என்று தள்ளிவிட முடியாது. முதல் நன்மை, சம்பந்தப்பட்டவரின் சொல் இடைத்தரகர் இல்லாமல் கிடைக்கிறது. 2023 மார்ச்சில் தெலுங்கு நடிகர் கோட்டா சீனிவாச ராவ் இறந்துவிட்டதாக வதந்தி பரவியபோது, 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அவரே வீடியோ வெளியிட வேண்டி வந்தது. 2025 நவம்பர் 11 அன்று சிகிச்சையில் இருந்த இந்தி நடிகர் தர்மேந்திராவை ஊடகங்களே சாகடித்தன. மனைவி ஹேமமாலினியும் மகள் ஈஷாவும் சமூக வலைத்தளத்தில் மறுத்த பிறகுதான் அடங்கின. அவர் காலமானது 24-ஆம் தேதி. அங்கே ஊடகம் செய்த பிழையைப் பதிவு திருத்தியது.

இரண்டாவது நன்மை, சில பதிவுகள் பொதுக் கேள்வியைத் திறந்துவிடுகின்றன. நடிகை நயன்தாராவுக்கும் இயக்குநர் விக்னேஷ் சிவனுக்கும் 2022 ஜூனில் மாமல்லபுரத்தில் திருமணம். நான்கே மாதத்தில், அக்டோபர் 9 அன்று, இரட்டைக் குழந்தைகளுக்குப் பெற்றோர் ஆனதாகப் பதிவு போட்டார்கள். வாடகைத்தாய் மூலம் பெற்ற குழந்தைகளா என்ற கேள்வி எழுந்தது. வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த ஜனவரியில்தான் அமலுக்கு வந்திருந்தது. நிருபர்கள் அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனிடம் கேட்டார்கள், அரசு குழு அமைத்து விசாரித்தது, தம்பதி 2016-லேயே பதிவுத் திருமணம் செய்திருந்ததும் விதிமீறல் இல்லை என்பதும் அந்த மாதமே தெரிந்தன. புதிய சட்டம் என்ன சொல்கிறது என்று ஊருக்கெல்லாம் புரிந்தது. குழந்தைகளின் படத்தோடு நின்றிருந்தால் வாழ்த்துச் செய்தியாகவே முடிந்திருக்கும்.

இனிக் குறைகள். எல்லாவற்றிலும் பெரியது, பதிவையே ஆதாரமாக எடுத்துக்கொள்வது. 2024 பிப்ரவரி 2 அன்று நடிகை பூனம் பாண்டே கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே பதிவு வந்தது. நாடு முழுக்க இரங்கல் செய்திகள். எந்த மருத்துவமனை, எங்கே தகனம், உடலைப் பார்த்தவர் யார் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமலேயே பெரிய நிறுவனங்களும் வெளியிட்டன. மறுநாள் அவரே வீடியோவில் தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். அவரைத் திட்டித் தீர்த்த ஊடகங்கள், மரணச் செய்திக்கு இரண்டாவது ஆளிடம் உறுதி கேட்காத தம் டெஸ்க்கை ஏனோ திட்டவில்லை.

அடுத்த குறை, விஷயத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துக்கொள்வது. 2024 ஜூலையில் சமந்தா, வைரஸ் தொற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை நெபுலைசரில் வைத்துச் சுவாசிக்கலாம் என்று பதிவிட்டார். கேரள மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அமெரிக்காவின் ஆஸ்துமா, ஒவ்வாமை அறக்கட்டளை அதன் ஆபத்தை முன்பே எச்சரித்திருக்கிறது. படிப்பவருக்கு வேண்டியது நுரையீரலுக்கு என்ன ஆகும் என்ற ஒரே பதில். 'நடிகைக்கும் டாக்டருக்கும் மோதல்' என்று தலைப்பு வைத்தால் அந்தப் பதில் ஆறாவது பத்திக்குப் போய்விடும்.

மூன்றாவது குறை பணம் சார்ந்தது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழும் பதிவில் 'விளம்பரம்' என்று குறிப்பிட வேண்டும் என 2021-லிருந்து விளம்பரத் தர நிர்ணய மன்றமும், 2023-லிருந்து மத்திய அரசின் வழிகாட்டுதலும் சொல்கின்றன. அதே பதிவை ஒரு தளம் 'லேட்டஸ்ட் லுக்' என்று செய்தியாக்கும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. பார்ப்பவர் விளம்பரத்தைச் செய்தி என்று நம்புகிறார். நிறுவனத்துக்கோ செலவில்லாமல் இரண்டாவது விளம்பரம்.

முதல் இரண்டு குறைகளும் ஒன்றாகக் கூடியது 2024 செப்டம்பரின் திருப்பதி லட்டு விவகாரத்தில். லட்டுக்கான நெய்யில் மிருகக் கொழுப்பு என்று முதல்வர் நாயுடு 18-ஆம் தேதி சொன்னார். துணை முதல்வர் பவன் கல்யாண் எக்ஸில் கண்டனம் எழுத, நடிகர் பிரகாஷ் ராஜ் அதற்குப் பதில் எழுதினார். ஹைதராபாத் சினிமா மேடையில் லட்டு பற்றிப் பேச்சு வந்ததும், அது இப்போது நுட்பமான விஷயம் என்று நடிகர் கார்த்தி சிரித்தபடி நழுவினார். மறுநாள் பவன் கண்டித்தார், அன்றே கார்த்தி எக்ஸில் வருத்தம் தெரிவித்தார். இவை நடந்த செய்திகள்தாம், பதிவுகளே சாட்சி. ஆனால் விவகாரத்தின் உயிர்நாடி குஜராத்தின் ஆனந்த் நகரிலிருந்து வந்த ஆய்வக அறிக்கை. மாட்டுத் தீவனம் போன்ற காரணங்களாலும் முடிவு தவறாக வரலாம் என்று அந்த அறிக்கையிலேயே குறிப்பு இருந்தது. அதைப் படித்து விளக்குவதற்கு வேதியியல் தெரிந்தவரைத் தேடிப் போகவேண்டும். பவன், கார்த்தி பதிவுகளை ஒட்டிப் போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், கடவுளை அரசியலிலிருந்து தள்ளி வையுங்கள் என்றது. அக்டோபர் 4 அன்று சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை குறித்த கேள்விகளை நீதிமன்றத்துக்கு முன்பே எழுப்பியிருக்க வேண்டியவர்கள் நிருபர்கள்.

பதிவுகளை மேய்வதில் எது விடுபடுகிறது என்பதற்கும் சந்திரகிரியே சாட்சி. 2015 ஏப்ரல் 7 அன்று இதே மண்டலத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளிகள் செம்மரக் கடத்தல்காரர்கள் என்று சொல்லப்பட்டு ஆந்திர அதிரடிப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னதும், அது மனித உரிமை ஆணையம் வரை போனதும், காட்டுக்கும் திருவண்ணாமலை, தருமபுரி கிராமங்களுக்கும் ஆட்கள் நடந்து போனதால் வெளிவந்தவை. செத்தவர்களுக்கு ஃபாலோயர்கள் கிடையாது. பதிவுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் செய்தி அறைக்கு, போலீஸ் தந்த கணக்கோடு அந்தச் சம்பவம் முடிந்திருக்கும்.

பதிவு ஒரு தரப்பின் வாக்குமூலம். வாக்குமூலத்தை வாங்கிக்கொள்ளலாம், அதிலேயே தீர்ப்பு எழுதக் கூடாது. பிரபலத்தின் பதிவைச் செய்தியாக்கும் முன் டெஸ்க்கில் இருப்பவர் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி போதும்: அந்தப் பதிவை அவர் நாளை நீக்கிவிட்டால் என் செய்தியில் என்ன மிஞ்சும்? சட்டம், சாட்சி, ஆவணம், மறுதரப்பின் பதில் என்று ஏதாவது மிஞ்சினால் தாராளமாகப் போடலாம். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அதை அவருடைய ரசிகர்களுக்கே விட்டுவிடுங்கள். வாசகர்களும் ஒன்று செய்யலாம்: அடுத்த முறை இப்படியொரு தலைப்பைத் தொடும் முன், உள்ளே ஒரே ஒரு ஆளிடமாவது நிருபர் பேசியிருப்பாரா என்று யோசியுங்கள், பேசவில்லை என்று தெரிந்தால் அடுத்தவருக்குப் பகிராதீர்கள்.