குத்தகைக் காலமும் தேயிலைச் செடியும்: மலையகக் கம்பனிகளின் உபாயம் பற்றிய ஒரு நோக்கு

கம்பனியொன்று தன் எதிர்காலத்தை எவ்வாறு வகுத்துக்கொள்கின்றது என்பதை ஆராயும் துறை, முகாமைத்துவக் கல்வியிலே 1960களின் பின்னரே தனியிடம் பெற்றது. அல்பிரட் சாண்ட்லரின் நூல் 1962இலும், மைக்கேல் போர்ட்டரின் நூல் 1980இலும் வெளிவந்தன. செலவைக் குறைத்துப் போட்டியிடுதல், பண்டத்தைத் தனித்துவமுடையதாக்கிக் கூடிய விலை பெறுதல், சந்தையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் ஊன்றி நிற்றல் எனப் போர்ட்டர் வகுத்த மூன்று வழிகளும், பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்னும் நான்கு கட்டங்களும் இன்று வணிக மாணவர்க்கு மனப்பாடம். ஹற்றன், நுவரெலியா மலைகளிலே தேயிலை செய்யும் கம்பனிகளும் இவ்வாய்பாடுகளைக் கொண்டே தம்மை அளந்துகொள்கின்றன. அவை அம்மலைகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது நோக்கற்பாலது.

1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், அச்செடியே மலையகத்தின் விதியாயிற்று. 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் உபாயம் எளிமையானது: தோட்டமும் தனது, பொதியும் தனது, கடையும் தனது. இடைத்தரகருக்கு அங்கே இடமில்லை. இன்றைய கம்பனிகளின் நிலை வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் முகாமைத்துவத்திற்காக ஒப்படைக்கப்பட்டன. நிலம் அரசினுடையது, கம்பனி குத்தகைக்காரரே.

அக்கம்பனிகளின் தேயிலையிற் பெரும்பகுதி, 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்திலே மொத்தமாக விற்கப்படுகின்றது. வாங்கியவர் அதனைப் பிற தேயிலையோடு கலந்து, தம் பெயரிலே பொதிசெய்து விற்பர். இலங்கையிலேயே பொதிசெய்து சொந்தப் பெயரில் விற்பதால் வரும் இலாபம் எத்தகையது என்பதை, 1980களில் ஆஸ்திரேலியச் சந்தையிலே புகுந்த மெரில் பெர்னாண்டோவின் டில்மா காட்டிற்று. அவ்வழியிற் சென்ற தோட்டக் கம்பனிகள் மிகச் சிலவே. விலை ஏலக்காரரின் சுத்தியலில் இருக்கையில், கம்பனியின் கைக்கு எட்டுவது செலவு ஒன்றே. அச்செலவில் அரைப் பங்குக்கு மேற்பட்டது தொழிலாளர் சம்பளம். ஆகவே உபாயம் என்று எதனைத் தொடங்கினாலும் அது சம்பளத்திலே வந்து முட்டுகின்றது. கென்யாவோடும் இந்தியாவோடும் ஒப்பிட்டுக் கம்பனிகள் கூறும் முறைப்பாடு முற்றிலும் பொய்யெனத் தள்ளுதற்கில்லை. பிழை, அம்முறைப்பாட்டை அவை பகுப்பாய்வின் எந்தக் கட்டத்தில் எழுதுகின்றன என்பதிலேயே உள்ளது.

சம்பள உயர்வு வழக்கமாக ‘அச்சுறுத்தல்’ என்னும் கட்டத்திலே இடம்பெறுகின்றது. அச்சுறுத்தல் என்பது கம்பனிக்குப் புறத்தேயிருந்து வருவது: வரட்சி, நாணயமாற்று, 2021இன் இரசாயன உரத்தடை போன்றவை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியை இவற்றோடு ஒருசேர வைத்தால், அவளும் கம்பனிக்குப் புறத்தே நிற்பவளாகின்றாள். ஆனால் உயர்நிலத் தேயிலையின் தனித்துவம், அதாவது போர்ட்டரின் இரண்டாவது வழி, எங்கே தொடங்குகின்றது? நிரையிலே நின்று இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் விரல்களிலேதான். ஒரு மலையை ஏறத்தாழ வாரத்திற்கொருமுறை பறிக்கவேண்டும். ஆட்கள் குறைந்து சுற்று நீண்டால் கொழுந்து முற்றும். முற்றிய இலையை எந்தத் தொழிற்சாலையும் நல்ல தேயிலையாக்க முடியாது. இளைஞர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குச் செல்வதனால் சுற்று நீள்வதும், ஏலத்தில் விலை குறைவதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். கணக்கேட்டில் அவை வெவ்வேறு பக்கங்களிலே கிடக்கின்றன.

தோட்டத்து மொழி இதனைக் கம்பனியின் மொழியைவிடத் தெளிவாகக் கூறுகின்றது. ஒருநாள் வேலைக்குத் தோட்டத்திலே ‘பேர்’ என்று பெயர். குறித்த கிலோ நிறையாவிடின் ‘அரைப்பேர்’. ஒரு மனிதப் பிறவியின் பெயரே பாதியாக வெட்டப்படும் இச்சொல்லின் கொடுமை பழக்கத்தினால் மழுங்கிவிட்டது. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியபோது, பறிக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டதாகவும் வேலைநாள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. 2024 மே மாதத்தில் வர்த்தமானியில் வந்த 1700 ரூபா நீதிமன்றம்வரை சென்று, செப்டெம்பரில் 1350 ரூபா அடிப்படைச் சம்பளமாக முடிந்தது. செலவைக் குறைக்கும் உபாயம் ஒருபுறம் வெல்லுந்தோறும், தரத்தாற் பெறும் விலை மறுபுறம் தேய்கின்றது.

காலத்தைப் பற்றிய கணிப்பில் இதனினும் ஆழமான முரண் உண்டு. 1992இல் கம்பனிகளுக்குக் கிடைத்தது ஐந்தாண்டு முகாமைத்துவ உரிமை மட்டுமே. பின்னர் அது 1992இலிருந்து கணக்கிடப்படும் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. 2045இல் அது முடியும். செடியின் கணக்கோ வேறு. கிழட்டுச் செடியைப் பிடுங்கி, மண் தேறுவதற்காக குவாத்தமாலாப் புல்லை நட்டு ஒன்றரை இரண்டு ஆண்டு விட்டு, பின் கன்று வைத்து அது கொழுந்து தரும்வரை காத்திருக்க ஐந்தாண்டளவு வருமானமற்றுக் கழியும். பேணினால் அச்செடி அரை நூற்றாண்டுக்கு மேல் வாழும். 2025இல் பிடுங்கிய மலை 2030 அளவிலேதான் பலன் தரும்; குத்தகைக்காரர் உண்ணக்கூடியது பதினைந்து ஆண்டுப் பலனே. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த உயர்ந்த இனங்கள் இருந்தும் மீள்நடுகை பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாயின. அம்முதலீட்டுக்கு ஐந்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை. அப்பங்களாக்களை எதிர்நோக்கி நிற்கும் லயங்களுக்கோ அப்படியொரு உபாயம் வாய்க்கவில்லை.

கம்பனிகள் இப்போது முன்வைப்பது வருமானப் பகிர்வு முறை. தொழிலாளிக்கு ஒரு தொகைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, அவர் பறிக்கும் கொழுந்தைக் கம்பனி விலைக்கு வாங்கும். நாட்டின் தேயிலையிற் பெரும்பங்கை விளைவிப்போர் சிற்றுடைமையாளரே என்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். சிற்றுடைமையாளர்க்கு நிலம் சொந்தம் என்பதை மட்டும் அச்சான்று சொல்லாது விடுகின்றது. பகிர்வு முறையிலே பங்காளிக்கு நிலத்தில் எவ்வுரிமையும் இல்லை; ஏல விலை வீழ்ந்தால் அவ்வீழ்ச்சியிற் பங்கு உண்டு. அவளுடைய கைத்திறனுக்கு முதன்முறையாகக் கணக்கில் இடம் தரும் முறை என்ற அளவில் அது வரவேற்கத்தக்கதே. எனினும் கவ்வாத்து வெட்டிய மலை மாதக்கணக்கிற் கொழுந்தின்றி நிற்கும்போது அக்குடும்பத்தின் அடுப்புக்கு யார் பொறுப்பு, 2045இன் பின் அச்செடிகள் யாருடையவை என்னும் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதாதவரை, தொழிலாளர் அதிற் கையெழுத்திடத் தயங்குவதை அறியாமையென்று கொள்வதற்கில்லை.