காட்டுவெளிச் சிகிச்சை: பலனும் பழுதும்

போதை, அடங்காத கோபம், மனச்சோர்வு, படிப்பில் முற்றான சரிவு என்று தத்தளிக்கும் பதின்பருவப் பிள்ளைகளைச் சில வாரங்கள் பாலைவனத்திலோ மலைக்காட்டிலோ தங்கவைத்துத் தேற்ற முயல்வது அமெரிக்காவின் காட்டுவெளிச் சிகிச்சை. 1941இல் குர்ட் ஹான் வேல்ஸில் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி இதன் ஒரு வேர். 1960களின் இறுதியில் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன் நடத்திய, காட்டில் பிழைத்திருக்கும் பயிற்சி மற்றொன்று. இரண்டுமே சிகிச்சைக்காகப் பிறந்தவை அல்ல. உளவியலாளர்களும் பெருங்கட்டணமும் பிறகு வந்து சேர்ந்தவை.

இம்முறையின் வலுவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கைபேசியும் போதைப்பொருளும் எட்டாத இடத்தில் உறக்கமும் பசியும் ஒழுங்குக்கு வருகின்றன. வில்லும் கடைகோலும் கொண்டு தீ மூட்டுவது பல நிலையங்களில் தொடக்கப் பாடம். கை ஓயக் கடைந்து, புகையும் கரித்தூளை உலர்ந்த நாரில் ஏந்தி ஊதினால் சுடர் எழுகிறது. வகுப்பில் எதற்கும் உதவாதவன் என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு அது சொந்தக் கையால் ஈட்டிய வெற்றி. மதிப்பெண் போட யாரும் தேவையில்லை.

சிகிச்சை முடியும்போது பிள்ளைகள் தேறியிருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. பிள்ளையும் பெற்றோரும் நிரப்பும் வினாத்தாளே சான்று. நெருக்கடியின் உச்சத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளை, நாள் கடந்ததாலேயே ஓரளவு தணிந்திருக்கவும் கூடும்.

பெரும் பழுது கட்டாயத்தில் இருக்கிறது. பெற்றோர் அமர்த்திய ஆட்கள் விடியுமுன் படுக்கையறைக்குள் நுழைந்து, பிள்ளையை எழுப்பி வண்டியேற்றிச் செல்வது இத்துறையில் நெடுங்கால வழக்கம். நம்பிக்கையைக் கட்ட வேண்டிய சிகிச்சை அதை உடைத்துக்கொண்டு தொடங்குகிறது. அடுத்து வருவது இன்னும் கொடிது. பிள்ளை ஏய்ப்பவன் என்ற முன்முடிவோடு பார்க்கும் ஊழியருக்கு, அவன் தண்ணீர் கேட்பதும் வயிற்றுவலி என்பதும் நடிப்பாகவே தெரியும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007இல் அளித்த அறிக்கை, 1990 முதல் 2004 வரை காட்டுவெளி நிலையங்கள் உள்ளிட்ட வதிவிட நிலையங்களில் நேர்ந்த 10 மரணங்களை ஆராய்ந்தது. பயிற்சியற்ற ஊழியர், போதாத உணவு, புறக்கணிக்கப்பட்ட நோய்க்குறிகள் ஆகியவை அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. 2024 டிசம்பரில் சட்டமான நிறுவனச் சிறார் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் ஆய்வுக்கும் பரிந்துரைக்கும்தான் வழிசெய்தது. நாடு முழுமைக்குமான தரவிதிகளை விதிக்கவில்லை.

குடும்பத்தின் பங்கோ பெரும்பாலும் கடிதங்களோடும் தொலைபேசி உரையாடல்களோடும் நின்றுவிடுகிறது. பிள்ளை காட்டில் மாறலாம். பூசல் நடந்த வீடு அப்படியே இருக்கிறது. அதனாலேயே பலர் வீடு திரும்பாமல் உறைவிடச் சிகிச்சைப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள், செலவும் பிரிவும் நீள்கின்றன.

பல்முனைச் சிகிச்சை என்னும் முறை காட்டுவெளிச் சிகிச்சைக்கு நேரெதிர். ஒரு சிகிச்சையாளர் சில குடும்பங்களை மட்டும் ஏற்று, மூன்று முதல் ஐந்து மாதங்கள் வீட்டுக்கே வந்து பெற்றோர், பள்ளி, நண்பர் வட்டம் மூன்றையும் சேர்த்துக் கவனிக்கிறார். இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. இங்கிலாந்தில் 684 குடும்பங்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் வீட்டைவிட்டு அகற்றப்படுவதைத் தடுப்பதில் அது வழக்கமான சேவைகளை விஞ்சவில்லை. ஆயினும் அந்தக் குறை வெளிப்பட்டதே கடுமையான சோதனைக்கு அது உட்பட்டதால்தான். காட்டுவெளி நிலையங்கள் அத்தகைய சோதனைக்கு முன்வந்தது மிக அரிது.