நான்கு வாஷர்களின் எல்லை

எம்.ஜி.பி கார் வைத்திருப்பவர்களிடம் பின் ஆக்சிலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரே யோசனைதான்: “வாஷரை மாற்று, டொக் சத்தம் நின்றுவிடும்.” கிளட்சை விடும்போதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதும், வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து கேட்கும் அந்த ஒற்றைத் தட்டல் இந்தக் காரின் பழைய வியாதி. டிஃபரன்ஷியலை முழுவதும் கழற்றாமல், உள்ளே இருக்கும் நான்கு மெல்லிய வாஷர்களை மட்டும் மாற்றுவது இதற்கு வழக்கமான வைத்தியம். இந்த வழக்கம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அது கையாளப்படும் விதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது.

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பிக்கள் தயாராயின. ஆரம்பகால வண்டிகளில் பான்ஜோ வகை ஆக்சில். நம் அம்பாசடரின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. இரண்டும் மோரிஸ் வம்சம். அதில் போல்ட்டுகளைக் கழற்றினால் டிஃபரன்ஷியல் ஒரே கட்டாக முன்பக்கம் வந்துவிடும். மேசைமேல் வைத்து நிதானமாக வேலை பார்க்கலாம். 1965-இல் வந்த ஜி.டி மாடலில் குழாய் வடிவ ஆக்சிலைப் போட்டார்கள். 1967-இல் திறந்த மாடலுக்கும் அதுவே வந்தது. இதில் டிஃபரன்ஷியல் வார்ப்பிரும்பு ஹவுசிங்குக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். வெளியே எடுக்க வேண்டுமானால் ஹவுசிங்கையே ஒரு தனிக் கருவியால் மில்லிமீட்டரில் ஒரு பின்னம் அளவுக்கு விரிக்க வேண்டும். அந்தக் கருவி வீட்டுக்காரர்களிடம் இருக்காது, பல பட்டறைகளிலும் இருக்காது. வாஷர் வைத்தியம் பிறந்தது இந்த நெருக்கடியில்தான்.

வேலை நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் அதன் அழகு புரியும். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின்மூடியைத் திறந்து எண்ணெயை வடித்து, இரண்டு ஹாஃப் ஷாஃப்ட்டுகளையும் வெளியே இழுத்துக்கொள்கிறார்கள். கிரவுன் வீலைப் பிடித்திருக்கும் கூண்டுக்குள் இரண்டு ஸ்டார் பினியன், இரண்டு சன் கியர். ஸ்டார் பினியன்களைத் தாங்கும் குறுக்கு பின்னை ஒரு சின்ன பின் பூட்டி வைத்திருக்கும். அதை மெல்லிய பஞ்சால் தட்டி வெளியேற்றி, குறுக்கு பின்னையும் உருவிவிட்டு, சன் கியரைக் கையால் சுற்றினால் ஸ்டார் பினியன்கள் உருண்டு கூண்டின் திறப்புக்கு வந்து கையில் விழும். அவற்றின் முதுகில் கிண்ணம்போல வளைந்த செப்பு வாஷர். சன் கியர்களின் முதுகில் தட்டையான ஃபைபர் வாஷர். பல வண்டிகளில் இந்த நேரத்தில் கிடைப்பது காகிதம்போலத் தேய்ந்த ஒரு வளையம், அல்லது அதன் துண்டுகள்.

திரும்பப் போடுவதில்தான் பொறுமை வேண்டும். இரண்டு ஸ்டார் பினியன்களையும் நேரெதிர்த் திறப்புகளில் ஒரே நேரத்தில் பல்லோடு பல் சேர்த்து உள்ளே சுற்ற வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் குறுக்கு பின்னின் துளைகள் நேர்கோட்டில் நிற்காது. மறுபடி வெளியே சுற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசியில் பூட்டும் பின்னை அடித்து, துளையின் வாயைத் தட்டி அடைக்கிறார்கள். இந்தத் தட்டலை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தப் பின் கழன்று கிரவுன் வீலின் பற்களுக்கிடையே போனால் ஆக்சிலே போயிற்று.

இவ்வளவு செய்தும் கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் பினியனும் பிறந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த முறையின் முதன்மையான பலம் இதுதான். இந்த ஜோடி ஹைப்பாய்டு வகை: பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இறங்கி இருப்பதால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. தொழிற்சாலையில் இரண்டையும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தி, அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளியைக் கிரவுன் வீல்மீதே பொறித்து அனுப்பினார்கள். ஐம்பது வருடம் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த ஜோடி தனக்கென ஒரு தடத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும். “சும்மா ஒரு ஷிம் போட்டுப் பார்ப்போம்” என்று அதைக் கலைத்தால், அமைதியாக ஓடிய ஆக்சில் மறுநாளிலிருந்து ஊளையிடும். பிறகு அதை அடக்குவது பெரும்பாடு. கெடாத இடத்தில் கை வைக்காத ஒழுக்கம் வாஷர் முறையிலேயே அடங்கியிருக்கிறது.

ஓட்டை எங்கே என்றால், அளக்காமல் பிரிப்பதில். டொக் சத்தத்துக்கு வாஷர் மட்டுமே காரணம் இல்லை. ப்ரொபெல்லர் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட் தேய்ந்தாலும் இதே தட்டல் கேட்கும். பின் ஸ்பிரிங்கின் யூ-போல்ட் தளர்ந்தாலும் கேட்கும். ஸ்போக் வீல் உள்ள வண்டிகளில் ஹப்பின் ஸ்பிளைன் தேய்ந்துபோய், சக்கரமே ஹப்மேல் முன்னும் பின்னும் அசைந்து தட்டும். இதைச் சோதிக்க அரைமணி நேரம் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டு, ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருப்பி, பினியன் ஃபிளாஞ்சின் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு அளக்கலாம். பிறகு யூ-ஜாயின்ட், ஸ்பிளைன், யூ-போல்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். வாஷர் மாற்றிய பின்னும் அதே கோட்டை அளந்தால்தான் வேலை பலித்ததா என்று சொல்ல முடியும். இந்த முன்-பின் அளவை எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு. “சத்தம் குறைந்தமாதிரி இருக்கிறது” என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இன்னொரு குறை, திறந்த பிறகும் பார்க்காமல் விடுவது. ஹவுசிங்கின் அடியில் சாம்பல் நிறக் குழம்பாக நுண்துகள் படிந்திருந்தால் அது வயதின் அடையாளம், கவலை இல்லை. விரல் நுனியில் தட்டுப்படும் செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. குறுக்கு பின்னில் நகத்துக்குச் சிக்கும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் புது வாஷர் எத்தனை போட்டும் பயனில்லை; பின்னையும் மாற்ற வேண்டும். கூண்டின் உட்பக்கத்தையே கியர் கடித்திருந்தால் புது வாஷர் சீராக உட்காராது. அப்படிப்பட்ட ஆக்சிலில் நான்கு வாஷரைப் போட்டு மூடிவிடுவது, விழப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது.

ஊளைக்கும் தட்டலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வேகம் ஏற ஏறக் கூடவே ஏறும் ஊளை, பல் படியும் தடத்தைப் பற்றியது அல்லது பேரிங்கைப் பற்றியது. அதற்கும் வாஷருக்கும் சம்பந்தமே இல்லை. ஊளையோடு வந்தவருக்கு வாஷர் மாற்றிக் கொடுத்துக் காசு வாங்குவது நியாயமான தொழில் அல்ல.

எண்ணெய் பற்றிய சர்ச்சையில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. சறுக்கும் ஹைப்பாய்டு பற்களுக்கு 90 நம்பர் ஹைப்பாய்டு எண்ணெய்தான் வேண்டும். ஜிஎல்-5 தரம் செம்பை அரிக்கும் என்ற பயம் கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்களை வைத்துப் பேசப்பட்டது, எம்.ஜி.பியின் கியர்பாக்ஸிலோ என்ஜின் எண்ணெய்தான் ஓடுகிறது. எண்ணெய் மாற்றும்போது முதலில் நிரப்பும் துளையின் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டே வடிக்க வேண்டும். மேலே உள்ள பிரீதர் துளையையும் சுத்தம் செய்ய வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஹப்பின் ஆயில் சீலைத் தாண்டி எண்ணெய் பிரேக் ஷூவில் இறங்கும்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது, “திறந்ததுதான் திறந்தோம், பினியன் சீலையும் மாற்றிவிடலாம்” என்ற கூடுதல் ஆர்வம். குழாய் வடிவ ஆக்சிலில் பினியன் பேரிங்குகளின் நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. நட்டைக் கழற்றுமுன் பினியன் எவ்வளவு விசையில் சுற்றுகிறது என்று அளக்காமல், திரும்ப இம்பாக்ட் ரெஞ்சால் இறுக்கினால், ஸ்பேசர் மேலும் நசுங்கி, பேரிங்கின்மேல் இறுக்கம் கூடிவிடும். வெளியில் எதுவும் தெரியாது. எண்ணெய்க் கசிவும் நின்றிருக்கும். நீண்ட ஓட்டத்தில் சூடேறி அந்தப் பேரிங் போகும், கூடவே கிரவுன் வீலும் பினியனுமான அந்தப் பழைய ஜோடியும் போகும். சீல் கசிகிறது என்றால் அதைத் தனி வேலையாக, டார்க் அளக்கும் கருவியோடு செய்ய வேண்டும். பேரிங் மாற்றும் நிலை வந்தால், ஹவுசிங்கை விரிக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறைக்கு ஆக்சிலை அப்படியே இறக்கி அனுப்ப வேண்டும். கடப்பாரையால் நெம்பி எடுத்த டிஃபரன்ஷியலைத் திரும்பச் சரியாக உட்கார வைக்க எந்த ஷிம்மாலும் முடியாது.