வெட்டப்பட்ட சரணம்

சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கான்னா கம்’ பாடலை இனிய நம்பிக்கைக் கீதமென்றே பலர் போற்றுகின்றனர். நாம் உடன்படவில்லை. 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்பதிவு செய்திருந்தும் வெள்ளையர் விடுதியொன்று இந்த ஸோல் இசைப் பாடகருக்கு அறை மறுத்தது. வாதிட்டவரைக் காவலர் கைது செய்தனர். 1964 ஜனவரியில் பதிவான பாடலின் ஒரு சரணத்தில், திரையரங்குக்கும் கடைவீதிக்கும் செல்லும் கறுப்பர் விரட்டப்படுகிறார். அந்தச் சரணத்தில் ஷ்ரீவ்போர்ட்டின் வடுவையே நாம் கேட்கிறோம். அடுத்த மாதம் மியாமியில், காசியஸ் கிளே (பின்னர் முஹம்மது அலீ) வென்ற இரவில், மால்கம் எக்ஸுடன் அமர்ந்திருந்தவரும் அவரே. வெறுமனே ஏங்கியவரல்லர். டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதமே வெளிவந்த தனி இசைத்தட்டில் அச்சரணம் இல்லை, வானொலிக்காக வெட்டினார்களாம்! மாற்றம் ஏன் வேண்டுமெனச் சொல்வதே அதுவன்றோ? முன்னரே வெளியான நீளிசைத்தட்டில் அது முழுமையாக ஒலிக்கிறது.