காணொளிப் பதிவர்களும் கேளிக்கைப் பூங்காப் பயணமும்: ஆற்றுப்படை மரபினூடாக ஒரு நோக்கு

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனை வழியிற் கண்டு, தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, அதனை வழங்கிய வள்ளலிடம் அவனை ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படையின் அடிப்படை அமைப்பாகும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் இறைவனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை தவிர்ந்த ஏனைய நான்கும், செல்லும் வழி, இடையிற் கிடைக்கும் உணவு, வள்ளலின் வரவேற்பு என்பனவற்றை விரிவாகக் கூறுகின்றன. இன்று அமெரிக்காவின் கேளிக்கைப் பூங்காக்களுக்குச் சென்று, தாம் கண்டதையும் உண்டதையும் படம்பிடித்து யூரியூபில் வெளியிடும் காணொளிப் பதிவர்கள் செய்யும் பணியும் மேலோட்டமாக நோக்குமிடத்து இதுவே. சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்கு வழி கூறுகிறான். இவ்வொப்புமை எதுவரை பொருந்துகிறது, எவ்விடத்தில் முறிகிறது என்பதை ஆராய்வது, பூங்கா ரசிகர்களின் பயணத் திட்டங்களைப் பதிவர்கள் நெறிப்படுத்தும் முறையை விளங்கிக்கொள்ள உதவும்.

பூங்காவைக் காணுமுன் அதன் படிமத்தைக் காண்பது இன்று தோன்றிய வழக்கமன்று. கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்து தொலைக்காட்சியோடு உடன்பிறந்தது எனலாம். பூங்காவுக்கு வேண்டிய முதலின் ஒரு பகுதியை ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் வழங்கிற்று. அதற்கு ஈடாக வோல்ட் டிஸ்னி அந்நிறுவனத்துக்கு வாராந்த நிகழ்ச்சியொன்றைத் தயாரித்தளித்தார். 1954 ஒக்டோபரில் தொடங்கிய அந்நிகழ்ச்சியின் பெயரும் டிஸ்னிலாந்து என்பதேயாம். 1955 ஜூலை 17 இல் நிகழ்ந்த திறப்பு விழா நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் றேகன் அதனைத் தொகுத்து வழங்கிய மூவருள் ஒருவர். நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்று பிரித்தறிய முடியாத நிலை அன்றே உருவாகிவிட்டது.

ஆயினும் அன்று பேசியது நிறுவனம் என்பதைப் பார்வையாளர் அறிந்திருந்தனர். இன்று பேசுபவரோ, பார்ப்போரைப் போன்றே வரிசையில் நின்று வியர்ப்பவராகவும் பசிப்பவராகவும் தோற்றந்தருகிறார். டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சட் வோல் ஆகிய இரு ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் நேருக்குநேர் பேசுவோருடன் பார்வையாளர் கொள்ளும் ஒருபக்க நட்புறவு பற்றி 1956 இலேயே எழுதினர். நாள்தோறும் ஒரே முகத்தைக் கண்டு, அவரது குடும்பச் செய்திகளையும் அறிந்துகொள்ளும் இன்றைய ரசிகரிடத்து அவ்வுறவு பன்மடங்கு வலுப்பெறுகிறது. சாதாரண மனிதரின் சொல்லுக்குள்ள இந்த நம்பகத்தை டிஸ்னி நிறுவனமும் உணர்ந்திருந்தது. பயணம் பற்றிய கேள்விகளுக்குத் தாய்மாரே விடையளிக்கும் குழுவொன்றை அது 2008 இல் அமைத்தமை இதற்குச் சான்றாகும்.

எனினும், பதிவர்களின் செல்வாக்கை வெறும் கவர்ச்சியின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. அதற்குப் பொருளியல் அடிப்படையொன்று உண்டு. கேளிக்கைப் பூங்காவில் அருமையான பண்டம் நேரமேயாகும். காத்திருப்பைக் குறைக்கும் பாஸ்ட்பாஸ் என்ற முறையை டிஸ்னி 1999 இல் கட்டணமின்றி அறிமுகப்படுத்தியது. 2021 ஒக்டோபரில், புளோரிடாவின் வோல்ட் டிஸ்னி வேர்ள்டில், அதன் இடத்தை ஜீனி பிளஸ் என்னும் கட்டண முறை பிடித்தது; தொடக்கத்தில் அதன் விலை ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 15 டொலர். 2024 ஜூலையில் அதுவும் மாற்றப்பட்டது. நிறுவனத்தின் ஹோட்டல்களில் தங்குவோர் ஏழு நாள் முன்னதாகவும் ஏனையோர் மூன்று நாள் முன்னதாகவும் பதிவு செய்யும் முறை வந்தது. விதிகள் சிக்கலாகுந்தோறும் அவற்றை விளக்குவோரின் தேவையும் பெருகுகிறது. நிறுவனம் உண்டாக்கிய குழப்பமே பதிவரின் பிழைப்புக்குக் களம் அமைத்துக் கொடுக்கிறது. விடுமுறைக்குச் செல்லவிருப்பவர் அதற்கு முன்னரே பல மணி நேரம் பாடம் கேட்க வேண்டியவராகிறார். ஓய்வு உழைப்பின் சாயலைப் பெறுகிறது.

இப்பாடத்தில் ஒரு முரண்பாடும் உண்டு. பலரும் அறியாதவரையே உபாயம் பயன்தரும். இலட்சக்கணக்கானோர் அறிந்தபின் அது உபாயமாக இருப்பதில்லை. டிஃபங்ட்லாண்ட் என்ற பெயரில் பூங்காக்களின் வரலாற்றை ஆராயும் கெவின் பெர்ஜூரர், பாஸ்ட்பாஸ் பற்றி 2021 இல் நீண்ட காணொளியொன்றை வெளியிட்டார். கற்பனைப் பூங்காவொன்றைக் கணினியில் அமைத்து, அம்முறையின் விளைவுகளை அவர் அதிற் காட்டினார். முறையை நன்கறிந்து பயன்படுத்துவோர் நன்மை பெற, ஏனையோரின் காத்திருப்பு நீளுகிறது என்பதே அதன் சாரம். உபாயங் கூறும் காணொளிகள் தனிமனிதரின் சாமர்த்தியத்தைப் போற்றுகின்றன. பெர்ஜூரரின் காணொளியோ வரிசையிலுள்ள அனைவரையும் ஒருங்கே நோக்குகிறது. வழிகாட்டலுக்கும் திறனாய்வுக்கும் உள்ள வேறுபாடு இங்குப் புலனாகிறது.

அடுத்து, வழிகாட்டுபவரின் வாழ்நிலை கருதத்தக்கது. பூங்காவுக்கு அண்மையிலே குடியிருந்து, ஆண்டு அனுமதிச் சீட்டோடு வாரத்திற் பன்முறை செல்லும் பதிவருக்கு அங்குப் புதுமை குறைவு. ஆனால் அவரது தொழிலோ நாளுமொரு புதுமையை வேண்டி நிற்கிறது. ஆதலால், பருவத்துக்கென விற்கப்படும் சிற்றுண்டி, சில நாள்களே கிடைக்கும் நினைவுப்பொருள், புதிதாகத் திறக்கப்பட்ட கடை என்பனவே செய்திகளாகின்றன. பல ஆண்டு பணஞ்சேர்த்து ஒருமுறை மட்டும் செல்லும் குடும்பத்துக்கு இவை முதன்மையானவையல்ல. ஆயினும், தவறவிடக்கூடாதவை என்ற பட்டியலில் அவை ஏறியதும் அக்குடும்பத்தின் திட்டத்திலும் செலவிலும் இடம்பிடித்துக்கொள்கின்றன. நாள்தோறும் செல்பவரின் தேவை, வாழ்நாளில் ஒருமுறை செல்பவரின் கடமையாக உருமாறுகிறது.

மேற்கூறிய முரண்களை ஒருங்கே காட்டியது ஸ்டார் வோர்ஸ் படங்களை அடியொற்றிய கலக்டிக் ஸ்டார்குறூசர் என்னும் ஹோட்டலாகும். 2022 மார்ச் 1 இல் வோல்ட் டிஸ்னி வேர்ள்டில் திறக்கப்பட்ட இது, விண்கலமொன்றிற் பயணஞ் செய்யும் அனுபவத்தை இரண்டு இரவுகளில் தருவதாக விளம்பரப்படுத்தப்பட்டது. நிறுவனம் காட்டிய மாதிரிக் கட்டணப்படி, ஓரறையில் தங்கும் இருவருக்கு 4,809 டொலர். திறப்பு விழாவுக்கு முன்னரே ஊடகத்தாரும் பதிவர்களும் அழைக்கப்பட்டனர். அவர்களிற் பலரின் காணொளிகள் வியப்பையே வெளிப்படுத்தின. எனினும் 2023 செப்டெம்பர் இறுதியில் ஹோட்டல் மூடப்பட்டது. 2024 மே மாதத்தில் ஜெனி நிக்கல்சன் என்ற பதிவர் இதுபற்றி நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட காணொளியொன்றை வெளியிட்டார். தம் சொந்தச் செலவிலே தங்கிய அவர், இராப்போசனக் காட்சியின்போது தமக்குக் கிடைத்த இருக்கை தூணொன்றினால் மறைக்கப்பட்டமை, கதையை நடத்திச் செல்ல வேண்டிய கைப்பேசிச் செயலி சரிவர இயங்காமை முதலியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். பணங்கொடுத்தவர் கண்டதும் அழைக்கப்பட்டவர் கண்டதும் வேறுபட்டமையை அக்காணொளி தெளிவுறுத்தியது.

அது ஹோட்டல் மூடப்பட்டபின் வந்ததாகையால் எவருடைய பயணத்தையும் தடுத்ததெனக் கூற இயலாது. ஆயினும், இனிவரும் வியப்புரைகளை எவ்வாறு எடைபோடுவது என்பதை அது ரசிகர்களுக்கு உணர்த்தியது. அதேவேளை, கண்டனமும் பார்வையாளரை ஈர்க்கும் பண்டமாகலாம் என்பதை மறுத்தற்கில்லை. குறைகூறலே தொழிலாகும்போது அதுவும் ஒருவகை விளம்பரமாகிவிடும். நிக்கல்சனின் காணொளி மதிப்புப் பெறுவது அது கண்டிப்பதனால் அன்று. கட்டணம், வாக்குறுதி, நிகழ்ந்தது ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதனாலேயாம்.

இந்நிலையில் ஆற்றுப்படையை மீண்டும் நோக்கலாம். ஆற்றுப்படையும் புகழ்ச்சியே, புரவலனைப் போற்றுதற்கெனப் புலவர் படைத்ததே. ஆனால் அதன் பாணன் தான் பெற்ற பரிசிலை மறைப்பதில்லை. அதனை விரித்துரைப்பதே அவ்விலக்கிய வகையின் இலக்கணம். அமெரிக்காவில், பொருளோ சலுகையோ பெற்றுப் பரிந்துரைப்போர் அதனை வெளிப்படுத்த வேண்டுமென்னும் வழிகாட்டல்களை அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009 இல் வலைப்பதிவர்களுக்கும் உரியனவாக்கியது; 2023 இல் அவற்றை மீண்டும் திருத்தியது. பாணனுக்கு மரபாயிருந்தது பதிவருக்கு விதியாக வேண்டியதாயிற்று. மேலும், மலைபடுகடாம் நன்னனது மலைநாட்டைப் புகழும்போதே, வழியிலுள்ள குழிகளையும் பாம்புகளையும் வழுக்கும் பாறைகளையும் சுட்டி எச்சரிக்கிறது. புகழ்பவனுக்கும் எச்சரிக்கும் கடமை உண்டென்பது அதன் உட்கிடை.

ஒப்புமை முறியும் இடம் ஒன்றே. ஆனால் அதுவே தலையாயது. ஆற்றுப்படுத்தியவன் பெற்ற பரிசிலை ஆற்றுப்படுத்தப்பட்டவனும் பெறுவான் என்பது பழைய பாட்டின் உறுதி. காணொளி ஆற்றுப்படையிலோ, வழிகாட்டுபவர் விளம்பர வருவாயும் அழைப்பும் பெற, வழிகேட்டவர் பணம் செலுத்துகிறார். இருவரும் ஒரே வாயிலினூடாகச் செல்லினும், ஒருவர் பரிசில் பெறவும் மற்றவர் பரிசில் கொடுக்கவும் செல்கின்றனர். எனவே, பதிவரொருவரின் சொல்லை ஏற்றுப் பயணத்தை வகுக்குமுன் ரசிகர் கேட்கவேண்டியது, அவர் எவ்வளவு அறிந்தவர் என்பதை மட்டுமன்று. அவர் எவருடைய செலவிற் சென்றார், வழியிலுள்ள குழிகளைக் காட்டினாரா, ஒருமுறை மட்டும் வரக்கூடிய குடும்பத்தின் இடத்தில் நின்று நோக்கினாரா என்பனவுமாகும். இவ்வினாக்களுக்கு நேரிய விடைதரும் காணொளியே ஆற்றுப்படை என்ற பெயருக்குத் தகுதியுடையது.