செத்துப்போன நண்பனின் ஜாக்கெட்

"ஐ லவ் மை லெதர் ஜாக்கெட்" பாட்டை முதலில் கேட்டபோது ஸ்டைல் காட்டுகிற பாட்டு என்றுதான் நினைத்தேன். பூட்ஸ் போட்டு நடக்கிற மாதிரி ஒரு கிட்டார், மேலே ஜாக்கெட் புராணம். ஆபீஸ் கேபில் பாதித் தூக்கத்தில் கேட்டது, அதோடு விட்டாச்சு. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஜாக்கெட் பாடுகிறவருடையதே இல்லை.

நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் டுனேடின். ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய ஊர். ஒரு பல்கலைக்கழகம், குளிர். த சில்ஸ் என்கிற அந்த ஊர் பேண்டின் டிரம்மர் மார்ட்டின் புல் 1983-ல் லுகேமியாவில் இறந்தார், இருபதுகளின் தொடக்கத்திலேயே. அவருடைய தோல் ஜாக்கெட் பேண்டின் பாடகர் மார்ட்டின் ஃபிலிப்ஸுக்கு வந்தது. 1986-ல் வெளிவந்த அந்தப் பாட்டு அதைப் பற்றித்தான். அழுகை ஒரு துளி கிடையாது. நண்பன் போய்விட்டான், அவன் சட்டை என் முதுகில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். இரங்கற்பா என்றால் மெதுவாகத்தான் பாடணும் என்கிற விதியை இது மதிக்கவே இல்லை. எனக்கு இப்போ அதுதான் பிடித்திருக்கிறது.

புல் வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் "பிங்க் ஃப்ராஸ்ட்". 1982-ல் பதிவு செய்தது, 1984-ல் வெளிவந்தது, அவருக்கே அர்ப்பணம். இருட்டான பாட்டு, காதலி இறந்துகிடக்க, தான் என்ன செய்தோம் என்று பதறுகிறவனின் குரல். சாவைப் பற்றிய பாட்டில் டிரம் வாசித்தவர், அது கடைக்கு வருவதற்குள் போய்விட்டார். இது தெரிந்த பிறகு அந்த டிரம்மைப் பழைய மாதிரி கேட்க முடியவில்லை. இந்தத் தகவல் இல்லாமலும் பாட்டு நல்ல பாட்டுதானா? ஆமாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் தெரிந்ததைத் தெரியாததாக்கிச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

டுனேடின் பாட்டுகளை விரும்புகிற எல்லாருமே கடைசியில் நட்பைப் பற்றித்தான் பேசுவார்கள். காரணமும் இருக்கு. 1981-ல் கிரைஸ்ட்சர்ச்சில் ரோஜர் ஷெப்பர்ட் ஃப்ளையிங் நன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அதே வருஷம் த க்ளீன் பேண்டின் "டாலி ஹோ!" வந்தது. பதிவுச் செலவு ஐம்பது, அறுபது டாலர் அளவுதான். தேசிய சார்ட்டில் 19-ஆம் இடம் வரை போனது. அதில் துள்ளுகிற ஆர்கனை வாசித்தது சில்ஸின் ஃபிலிப்ஸ். பக்கத்து பேண்டின் ஹிட்டுக்குக் கை கொடுத்துவிட்டு வருவது அங்கே சாதாரணம்.

இன்னொருவர் கிறிஸ் நாக்ஸ். டாய் லவ் என்ற அவருடைய பேண்ட் ஆஸ்திரேலியாவில் பெரிய ஸ்டூடியோவுக்குப் போய் ஆல்பம் போட்டது. வந்த சத்தம் அவர்களுக்கே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நாக்ஸ் ஒரு நான்கு டிராக் டேப் மெஷினோடு உட்கார்ந்துவிட்டார். டக் ஹுட் என்ற நண்பரோடு சேர்ந்து அதில் மற்றவர்களின் பாட்டுகளையும் பதிவு செய்து கொடுத்தார். சில்ஸ், வெர்லெய்ன்ஸ், ஸ்டோன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ் என்று ஆளுக்கொரு பக்கமாக 1982-ல் வந்த "டுனேடின் டபுள்" அப்படி உருவானதுதான். நான்கே டிராக் என்றால் பின்னால் ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய இடமில்லை. அறையில் எல்லாரும் ஒன்றாக வாசித்தால்தான் உண்டு. நட்பு என்று நமக்குக் காதில் விழுவதில் பாதி இந்த மெஷினின் கைங்கரியம். மென்பொருள்காரன் புத்தி, எல்லாவற்றையும் கருவிக்குள் தேடும், மன்னியுங்கள்.

ஆனால் நட்பு வேலியும் போடும். ஸ்னீக்கி ஃபீலிங்ஸின் மேத்யூ பேனிஸ்டர் 1999-ல் "பாசிட்டிவ்லி ஜார்ஜ் ஸ்ட்ரீட்" என்று ஒரு புத்தகம் எழுதினார். டுனேடின் சவுண்ட் என்ற புராணத்தின் மேல் உள்ளேயிருந்தே கல் எறிகிற புத்தகம். எது அசல், எது ரொம்ப மென்மை என்று அந்தச் சின்ன வட்டம் தீர்ப்புச் சொன்னது, நாங்கள் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்டோம் என்கிற ஆதங்கம் அதில் ஓடுகிறது. கசப்பு என்று தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. ஏனென்றால் இந்த ஊர் பாட்டுகளுக்கென்று நான் வைத்திருக்கிற ஸ்ப்ரெட்ஷீட்டில் ஸ்னீக்கி ஃபீலிங்ஸுக்கு எதிரே "அப்புறம்" என்று எழுதியிருந்தேன். ஒரு பாட்டுகூட முழுசாகக் கேட்காமல்! பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி, முப்பது வருஷம் கழித்து, யாரோ ஒரு நண்பர் கும்பலின் ருசியை என் ருசி என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ரசிகனின் பக்தி இப்படித்தான் வேலை செய்கிறது போல.

ஃபிலிப்ஸ் கதையும் ஒரே நட்பு மயமாக இல்லை. சில்ஸில் இருபதுக்கும் மேல் கூட்டணிகள் மாறின. கடைசி வரை இருந்தவர் அவர் ஒருவர்தான். 2019-ல் வந்த ஆவணப்படத்தில் இந்தக் கணக்கு அவரைத் துரத்திக்கொண்டே வருகிறது. ஒரு நண்பனின் ஜாக்கெட்டை அவ்வளவு போற்றியவர் இத்தனை பேரோடு தொடர்ந்து போக முடியாமல் ஆனது ஏன்? அவர் பக்தி ஆட்களிடம் அல்ல, பாட்டுகளிடம் என்று நினைக்கிறேன். 2024 ஜூலையில் அவரும் போய்விட்டார்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நாக்ஸுக்கு வந்தால் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 2009-ல் அவருக்குப் பக்கவாதம்; பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. அதே வருஷத்துக்குள் "ஸ்ட்ரோக்" என்று ஒரு ஆல்பம் வந்தது. நியூசிலாந்து நண்பர்களோடு, ஜெஃப் மேங்கம், பில் கல்லஹான் என்று அமெரிக்கர்களும் அவருடைய பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார்கள், அவர் உடல்நலத்துக்குப் பணம் சேர. ஒருகாலத்தில் எல்லாரையும் பதிவு செய்தவரை இப்போது எல்லாரும் பதிவு செய்கிறார்கள். இதை வேலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த "அப்புறம்" அழித்தாச்சு. இந்த வாரம் ஸ்னீக்கி ஃபீலிங்ஸின் "செண்ட் யூ" ஓடிக்கொண்டிருக்கிறது. மென்மைதான், சந்தேகமே இல்லை. நேற்று இரண்டு முறை முழுசாகக் கேட்டேன்.