'பை டூ' டீயும் புறநானூறும்: நண்பனை இழந்தவன் பாட்டை எப்படி ரசிப்பது?

பூதிகோட்டை என்றதும் ஹைதர் அலி பிறந்த ஊர் என்பார்கள். கோலார் தங்கவயலில் இருப்பவர்களுக்கு அது பக்கத்து ஊர். தக்காளியும் மல்பெரியும் கேழ்வரகும் விளையும் ஊர். எனக்கு அங்கே ஒரு தோஸ்து இருந்தான். அவன் போன பிறகுதான் புறநானூற்றின் கையறுநிலைப் பாட்டுகள், அதாவது இறந்தவரை எண்ணி இரங்கும் பாட்டுகள், எனக்குப் பிடிபட ஆரம்பித்தன. அதற்கு முன்பும் படித்திருக்கிறேன், பரீட்சைக்கு.

பரீட்சைக்குப் படித்தவர்கள் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. பாட்டில் துக்கம் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். கண்ணீர், அழுகை, 'ஐயோ' எல்லாம் எந்த அடியில் வருகின்றன என்று பார்ப்பார்கள். நண்பனைப் பாடிய பாட்டில் அப்படித் தேடினால் அதிகம் அகப்படாது. அங்கே தேட வேண்டியது சாப்பாட்டை, கள்ளை, திண்ணையை, உட்கார்ந்த இடத்தை. செத்தவனும் இருப்பவனும் சேர்ந்து புழங்கிய பொருள் எது, அது இப்போது யார் கையில் என்ன ஆயிற்று என்பதைப் பிடித்துவிட்டால் பாட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

ஆரம்பிக்க நல்ல இடம் 235ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சி போரில் இறந்த பின் ஔவையார் பாடியது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. பூதிகோட்டையிலிருந்து தெற்கே போனால் கிருஷ்ணகிரி, அதையும் தாண்டினால் தர்மபுரி. அதே பாறைக் குன்று, அதே கேழ்வரகுக் கொல்லை. இந்தப் பாட்டை எங்கள் பக்கத்துப் பாட்டு என்று நான் உரிமை கொண்டாடுவதற்கு இதுதான் காரணம். கற்பனை மன்னனோ என்ற சந்தேகமும் வேண்டாம். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டறிந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு அவன் பேரைச் சொல்கிறது.

பாட்டு எப்படித் தொடங்குகிறது பாருங்கள். வீரத்தைப் பற்றி முதலில் ஒரு சொல் கிடையாது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். இதுதான் முதல் செய்தி. அடுத்து சோறு: கொஞ்சமானாலும் நிறையவானாலும் பல கலங்களில் பங்கு போட்டு உண்பான். கறியுள்ள இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் வரும் இடமெல்லாம் தனக்கு. கடைசியில் ஒரு தொடுகை: நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். ஒரு மன்னன், ஒரு பாடினி, அவளுடைய எண்ணெய் காணாத தலை. அரண்மனைப் புகழ்ச்சி எழுத வந்தவர் யாரும் தன் தலை நாறியது என்று எழுதமாட்டார். சிநேகிதி எழுதுவாள்.

இதை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு நினைவும் முடிகிற இடத்தில், அது போயிற்று என்று சொல்லும் ஒரே அசை திரும்பத் திரும்ப வந்து விழும். கண்ணால் படித்தால் அது இலக்கணக் குறிப்பு. காதால் கேட்டால்தான் அடி. பூதிகோட்டைக்காரர்களுக்கு இது புதிதில்லை. 'நம்ம த்வனி' என்ற சமூக வானொலிக்கு ஊர்க்காரர்களே நிகழ்ச்சி தயாரித்துக் கேபிள் வழியாக வீடுகளுக்கு அனுப்பிய ஊர் அது. எழுத்தறியாத கிழவிக்கும் தன் குரலைத் தானே கேட்கக் கொடுத்துவைத்த ஊர்.

பாட்டின் நடுவில் திடீரென்று ஒரு வேல் பாய்கிறது. அவன் மார்பைத் துளைத்த வேல் அங்கே நிற்கவில்லை. பாணர்களின் அகன்ற பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கையைத் துளைத்து, அவனை நம்பியிருந்தவர் கண்ணொளியை மங்கவைத்து, புலவர்களின் நாக்கில் போய் விழுகிறது. முதலில் கள், சோறு என்று பரப்பிவைத்த பாத்திரங்கள் இப்போது ஓட்டையாகின்றன. முன்பாதியில் பொருட்களை நிதானமாகப் பார்த்தவருக்குத்தான் பின்பாதி வலிக்கும். அவசரமாக வேலுக்குத் தாவுகிறவர்களுக்கு அது வெறும் உயர்வு நவிற்சி.

கர்நாடகத்தில் 'பை டூ' என்று ஒரு வழக்கம். ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதி பாதியாகக் கேட்பது. என் தோஸ்து அதைத் தானே ஊற்றுவேன் என்பான். அவன் கிளாஸில் எப்போதும் ஒரு மடக்கு குறைவாக இருக்கும். ஏன்டா என்றால் சக்கரை ஒத்துக்காது என்பான். அவனுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இப்போது அதே கடையில் 'பை டூ' கேட்க ஆளில்லை, முழு டீ எனக்கு ஜாஸ்தி. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கு என்ற அடி எனக்கு அங்கேதான் விளங்கிற்று. உரையாசிரியர்கள் அதைக் கொடை என்கிறார்கள். நான் அதைக் கணக்கு என்பேன். நண்பர்களுக்குள் மட்டும் செல்லுபடியாகும் தப்புக் கணக்கு.

அடுத்துப் படிக்க வேண்டியது பொத்தியாரை. பள்ளிக்கூடத்தில் கோப்பெருஞ்சோழன் – பிசிராந்தையார் நட்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே சோழனின் இன்னொரு புலவர் நண்பரான பொத்தியாரை ஓரமாக விட்டுவிடுகிறார்கள். காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையார் கதை அழகுதான், மறுக்கவில்லை. பிள்ளைகளோடு பகை மூண்டு, சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கிறான். பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தை வருவான், இடம் ஒதுக்குங்கள் என்கிறான். வருவது சந்தேகம் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்ல, தன் பேரைக் கேட்டால் என் பேரைச் சொல்பவன் அவன், வராமல் இருக்கமாட்டான் என்று அடித்துச் சொல்கிறான். செல்வம் இருந்தபோது வராதவன், துன்பம் வந்தபோது வராமல் நிற்கமாட்டான் என்பது அவன் நம்பிக்கை. சொன்னபடியே வந்தார், கூட உட்கார்ந்தார், செத்தார். கதை முடிந்தது.

பொத்தியார் கதை முடியவில்லை. அவரும் கூட உட்காரத்தான் போனார். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பின் வா என்று மன்னன் திருப்பி அனுப்பிவிட்டான். நண்பர்களில் ஒருவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டியிருக்கிறதே, அவனுடைய பாட்டுகள் இவை. 217, பிறகு 220 முதல் 223 வரை. தனித்தனியாகப் படிக்காமல் ஒரே அமர்வில் வரிசையாகப் படிக்க வேண்டும், ஒரு சிறுகதை போல நகரும்.

217இல் வியப்பு: இப்படியும் ஒருவன் சொல்வானா, சொன்னபடி இன்னொருவன் வருவானா என்று. 220இல் உறையூருக்குத் திரும்பிவிட்டார். மன்னன் இல்லாத வெறும் முற்றம். பல வருஷம் தீனி போட்டு வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டியிருந்த கொட்டிலில் வெறும் தூணைப் பார்த்து அழுதானே, அதுபோல அழுகிறேன் என்கிறார். தூணைக் கவனியுங்கள். பாகனைக் கலக்குவது யானையின் பெருமையல்ல, கயிறு கட்டின தூண் அங்கேயே நிற்பது. 221இல் மன்னன் நடுகல்லாகிவிட்டான். பொத்தியார் புலவர்களைக் கூப்பிடுகிறார், எதற்கு? வாருங்கள், கூற்றுவனைத் திட்டலாம் என்று! சாவு வீட்டில் யாரையாவது திட்டாமல் இருக்க முடியாது என்பதை ஒப்பாரி கேட்டவர்கள் அறிவார்கள். 222இல் மகன் பிறந்துவிட்டான், சொன்னபடி வந்து நிற்கிறார். அன்பில்லாமல் என்னை அனுப்பிவைத்தவனே, எனக்குரிய இடம் எது என்று கல்லைக் கேட்கிறார். 223இல் கல் இடம் கொடுத்துவிட்டது.

222ஐ இரண்டாம் முறை படிக்கும்போது கேள்வியின் தொனியைப் பாருங்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவைக்கச் சொன்னவன், ஏறி வந்து, எங்கடா என் சீட் என்று கேட்கும் தொனி. சாவைப் பற்றிய பாட்டில் இந்த உரிமைச் சண்டை வருவதுதான் இது நண்பன் பாட்டு என்பதற்கு அடையாளம். மனைவி பாடியதும் தாய் பாடியதும் புறநானூற்றில் உண்டு. அவை வேறு மாதிரி.

செத்தவனோடு சண்டை போடுவதில் கபிலரை மிஞ்ச ஆளில்லை. மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பு மலையின் தலைவனும் தன் நண்பனுமான பாரி இறந்த பின், அவன் மகள்களைக் கூட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்குகிறார். 113இல் மலைக்கு விடை சொல்கிறார்: கள் ஜாடி திறந்து, ஆட்டுக் கிடாய் வெட்டி, கொழுத்த கறியும் சோறும் போட்டு எங்களோடு நட்பாய் இருந்தாய், பாரி போய்விட்டான், உன்னைத் தொழுது போகிறோம். கவனியுங்கள், நட்பு மலையோடும் இருந்திருக்கிறது. 114இல் கொஞ்சம் தூரம் நடந்தாகிவிட்டது. இங்கே நின்றாலும் தெரிகிறது, இன்னும் சற்றுப் போய் நின்றாலும் தெரிகிறது அவன் மலை. அவ்வளவுதான் பாட்டின் சாரம்.

தங்கவயல்காரர்கள் இதைப் படிக்க வேண்டிய இடம் மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயில். 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து பெங்களூருக்கு விடியற்காலையில் ரயிலேறி வேலைக்குப் போய் இரவு திரும்பும் சனம் நாங்கள். ஜன்னலில் சயனைடு மண் மேடுகள் தெரியும். கொஞ்ச தூரம் போனாலும் தெரியும். எங்கள் மேட்டில் பறம்பைப் போலப் பலாவும் தேனும் கிடையாது. ஆனாலும் அதன் அடியில் பாறை வெடித்துச் செத்தவர்கள் ஒவ்வொரு லைனிலும் யாருக்கோ தோஸ்துதான்.

கபிலரின் 236ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அது கடினம். இத்தனை வருஷம் என்னைத் தாங்கியவனே, கூட வருகிறேன் என்றபோது இங்கேயே இரு என்று விட்டுப்போனாய், என்னை வெறுத்துவிட்டாய் போல என்று பாரியைக் குற்றம் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, மறுபிறப்பிலும் சேர்ந்திருக்க விதி கூட்டட்டும் என்கிறார். கோபத்திலிருந்து வேண்டுதலுக்குத் தாவும் அந்த இடத்தில் இருப்பது 'ஆயினும்' என்ற ஒரே சொல்தான். திருக்கோவிலூரில் பெண்ணை ஆற்றின் நடுவே கபிலர்க்கல் என்று ஒரு பாறை இருக்கிறது. அவர் தீப்புகுந்தார் என்று அந்த ஊர் வீரட்டானேசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது.

பாட்டுகளில் வரும் கல்லை நேரில் பார்க்காமல் இந்த ரசனை பாதியில் நிற்கும். கோலார் மாவட்டத்தில் வயல் வரப்பு, ஏரிக்கரை, கோயில் பின்புறம் என்று எங்கும் நடுகற்கள். கன்னடத்தில் வீரகல்லு. பாணர், கங்கர், நுளம்பர் ஆகிய அரச மரபுகளின் காலத்துக் கல்வெட்டோடு இருப்பவை பல. 1905இல் கல்வெட்டு ஆய்வாளர் ரைஸ் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் பத்தாம் தொகுதி முழுக்கக் கோலார்தான். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் அந்தப் பக்கத்துக் கற்களை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

உச்சிவெயிலில் போகாதீர்கள், ஒன்றும் தெரியாது. காலை ஏழு எட்டு மணிக்கோ சாயங்காலமோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் செதுக்கல் எழுந்து நிற்கும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அது கல்லுக்குக் கேடு. அடுக்கடுக்காகச் செதுக்கிய கல்லைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் தூக்கிச் செல்வது, மேலே வீரன் தெய்வ உலகில். மாடு மீட்கப் போய்ச் செத்தவனென்றால் ஓரத்தில் மாடும் இருக்கலாம். மாட்டைப் பார்த்த பிறகு வீரனைப் பாருங்கள், அவன் சட்டென்று ஊர்க்காரனாகிவிடுவான்.

அங்கே நின்று 232ஐ நினைத்துக்கொள்ளலாம். அதியமானின் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்கள். மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்கிறார் ஔவையார். 235இல் வந்த அதே கொஞ்சம் கள். உயிரோடு இருந்தபோது கொஞ்சமாகக் கிடைத்ததை அவன் நமக்குக் கொடுத்தான். இப்போது கொஞ்சமாக நாம் அவனுக்குக் கொடுக்கிறோம். இரண்டு பாட்டையும் சேர்த்துப் படித்தவருக்கே இந்த முடிச்சு தட்டுப்படும்.

நம் காலத்து நடுகல் ஃப்ளெக்ஸ் பேனர். 'கண்ணீர் அஞ்சலி' என்று தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பூதிகோட்டை வரை கட்டிவைக்கிறோம். படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள், நான் நின்று பார்ப்பேன். மேலே எழுதியிருக்கும் வசனம் எல்லாப் பேனருக்கும் ஒன்றுதான், அதை விடுங்கள். போட்டோவைப் பாருங்கள். ஸ்டுடியோ போட்டோவா, அல்லது யாருடைய செல்போனிலோ, கல்யாணத்திலோ கபடிப் போட்டியிலோ எடுத்ததை வெட்டிப் போட்டதா? இரண்டாவது என்றால் தோளில் வேறொருவன் கை மிச்சமிருக்கும். கீழ் வரிசையில் நண்பர்கள் முகம், பேர், பட்டப்பேர். வீட்டுக்காரர்கள் வைத்த பேனரில் பட்டப்பேர் வராது. இறந்தவனுக்கும் அடைப்புக்குறிக்குள் பட்டப்பேர் போட்டிருந்தால் அது தோஸ்துங்க காசு போட்டு வைத்தது என்று அடித்துச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் வாங்கிப் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு: உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் பழைய உரை உண்டு. எல்லாப் பாட்டுக்கும் அந்த உரை கிடைக்கவில்லை, ஆனால் இங்கே சொன்ன பாட்டுகள் அத்தனைக்கும் கிடைத்திருக்கிறது. அது கடினமாக இருந்தால் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடான ஔவை துரைசாமிப் பிள்ளை உரை. இரண்டு பகுதி, 201 முதல் 400 வரையுள்ள இரண்டாம் பகுதியில் ஔவையாரும் பொத்தியாரும் இருக்கிறார்கள். கபிலர் மலையை விட்டு இறங்குவதைப் பார்க்க முதல் பகுதியும் வேண்டும். இரவல் வாங்கிப் படிப்பதென்றால் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கும் பிரதியாகப் பார்த்து வாங்குங்கள்.